கேமரன் மலையில் இளவேனில் உண்டா?

சித்திரை பிறந்துவிட்டால் போதும். மலேசியத் தமிழ் ஏடுகளின் கவிதைப் பக்கங்களில் மாமரம் தளிர்க்கிறது, குயில் கூவுகிறது, தென்றல் பொதிகையில் புறப்பட்டு நேரே பகாங் மாநிலத்துக்கு வந்து சேர்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை ஏடுகளிலும் இதே காட்சிதான். ‘வசந்த காலம்’ என்று தலைப்புக் கொடுத்தால், தேயிலைத் தோட்டத்து மாணவன் தன் மலையில் ஒருநாளும் கேட்டிராத குயிலின் இனிமையை ஒரு பக்கம் நிறைய எழுதி, நல்ல மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறான். அவன் எழுதிக்கொண்டிருக்கும் அதே வேளையில் சன்னலுக்கு வெளியே வானம் இருண்டு, இடி முழங்கி, மலைச்சரிவு முழுவதும் மழையில் மறைந்துகொண்டிருக்கும். அந்த மழைக்குக் கட்டுரையில் ஒரு வரியும் இராது.

இது சிறு பிழை, பொறுத்துக்கொள்ளலாம் என்பார் உளர். இலக்கியம் மரபு வழிப்பட்டது; குயிலும் மாவும் தென்றலும் தமிழ்க் கவிதையின் முதுசொம்; கடல் கடந்து வந்த இடத்திலும் அவற்றைப் போற்றுவதே தமிழ்ப்பற்று என்பது அவர்கள் கட்சி. அக்கட்சி உண்மையில் மரபின் கட்சிதானா என்பதை இலக்கணங்கொண்டே ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

முதலில் பொழுது. தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர்; சித்திரையும் வைகாசியும் இளவேனில். தமிழகத்தின் வெயிலையும் காற்றையும் அறிந்தோர் செய்த பகுப்பு அது. கேமரன் மலையோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ நாலரைப் பாகையில், 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. ஆங்கே சராசரி வெப்பம் 18 பாகை செல்சியஸ் அளவே. மாதத்துக்கு மாதம் அது ஓரிரு பாகைக்கு மேல் வேறுபடுவதில்லை. ஆகவே வெப்பத்தைக் கொண்டு அங்கே பருவம் பிரிக்க இயலாது; மழையைக் கொண்டே பிரிக்க வேண்டும். பருவக்காற்றுகள் திசை மாறும் இரண்டு இடைவெளிகளில், அதாவது ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறையும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மறுமுறையும், மழை மிகுகிறது. விடியலில் பனிமூட்டம், முற்பகலில் தெளிந்த வெயில், பிற்பகலில் இடியோடு மழை. இதுவே அம்மலையின் சித்திரையும் வைகாசியும். கொழுந்து செழித்துக் கிளைப்பதும் இம்மழையை ஒட்டித்தான். கவிஞர் ‘வேனில்’ என்று எழுதும் நாட்களில் கொழுந்து பறிப்போர் மழைத்தாளைப் போர்த்துக்கொண்டு நிற்கின்றனர்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. குறிஞ்சிக்குத் தொல்காப்பியர் வகுத்த பெரும்பொழுது வேனில் அன்று; கூதிரும் முன்பனியுமே. வேனிலை அவர் பாலைக்கு உரித்தாக்கினார். கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். கேமரன் மலையின் பெருமழைக் காலமும் அதுவே. அதுபோன்ற மழை சித்திரை, வைகாசியிலும் பெய்வதால், அம்மலைக்கு ஆண்டில் இரண்டு கூதிர் உண்டு என்று கூறுவதே பொருந்தும். ஆக, மலையைப் பாட வந்து வேனிலை வருணிக்கும் கவிஞர், கண்ணெதிரே உள்ள மலைக்கும் உண்மையாக இல்லை; தாம் காப்பதாகக் கூறும் திணை மரபுக்கும் உண்மையாக இல்லை. தாயகத்து மலையில் இருந்து பாடினாலும் அவர் பாட்டு இலக்கண வழுவே.

அடுத்துக் கருப்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என ஒவ்வொரு நிலத்துக்கும் உரியவற்றைத் தொல்காப்பியர் கருப்பொருள் என்றார். அதைச் சொல்லிய கையோடு அகத்திணையியலில் மற்றொரு விதியும் தந்தார். ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும், தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் பொருந்தி வாராவிடினும், அவை வந்து சேர்ந்த நிலத்துக்கே உரியனவாகக் கொள்ளப்படும் என்பது அவ்விதியின் கருத்து. இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் உரை கண்ட நூற்பா இது. தமிழாசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் ஐந்திணை அட்டவணையை மனப்பாடம் செய்தவர் பலர். இந்நூற்பாவை நின்று நோக்கியவர் சிலரே. அட்டவணை தேர்வுக்கு உதவுகிறது. நூற்பா கவிதைக்கு உதவுவது.

இவ்விதியையே எடுத்துக்காட்டிக் குயில்வாணர் வழக்காடக்கூடும். ‘எந்நிலத்துப் புள்ளும் எங்கும் வரலாம் என்று தொல்காப்பியரே இசைந்துவிட்டாரே, குயிலைக் கேமரன் மலைக்குக் கொண்டுவந்தால் குற்றம் என்ன?’ என்பர். நூற்பாவின் உயிர் ‘வந்த’ என்னும் சொல்லில் இருப்பதை அவர்கள் நோக்கவில்லை. பறவை வந்திருக்க வேண்டும். பறவையின் பெயர் மட்டும் வந்தால் போதாது. மலேசியாவின் தாழ்நிலத்து நகரங்களில் குயில் உண்மையாகவே கூவுகிறது. கிள்ளான் துறைமுகப் பகுதிக்கு 1890-களில் இலங்கையிலிருந்து காக்கை கொண்டுவரப்பட்டது. காப்பிச் செடியைத் தின்ற புழுக்களை ஒழிப்பதற்கு என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். காக்கை பெருகி நகரங்கள்தோறும் பரவிற்று. குயில் அதன் கூட்டில் முட்டையிடலாயிற்று. தோட்ட வேலைக்கென்று கப்பலேறி வந்த காக்கையையும், அதன் உழைப்பில் குஞ்சு பொரிக்கும் குயிலையும் கிள்ளான் கவிஞர் ஒருவர் பாடினால் அதனினும் பொருத்தமான மலேசியப் பாட்டு வேறில்லை. மேகம் தவழும் தேயிலைச் சரிவில் குயிலைக் கூவவிடுவதே குற்றம். தாயகம் நினைந்து ஏங்கும் முதியவர் ஒருவரின் கூற்றாகக் குயில் வந்தால் அது வேறு. அங்கே குயில் நினைவுக்கு உரியது, நிலத்துக்கு உரியதன்று. அத்தகைய பாட்டைக் குறைகூறல் தகாது.

அப்படியாயின் அம்மலைக்கு உண்மையில் வந்தவை எவை, இருந்தவை எவை? வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் அம்மலைப்பகுதியை 1885-ஆம் ஆண்டில் அளந்தார். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-ல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடு வெட்டி, தேயிலை நட்டு, கவ்வாத்து செய்து, கொழுந்து பறித்தவர்களில் தமிழர் பெரும்பகுதியினர். தேயிலை வந்தது, தமிழர் வந்தனர், தமிழரோடு சேயோனும் வந்தான். பிரிஞ்சாங் ஊரில் அவன் தண்டாயுதபாணியாகக் கோயில் கொண்டிருக்கிறான். ஆகவே தொல்காப்பியர் விதிப்படி தேயிலை அக்குறிஞ்சியின் கருப்பொருள். கொழுந்து பறித்தல் அதன் தொழில். இதனை ஐயத்துக்கு இடமின்றிக் கூறலாம்.

முன்பே அங்கு இருந்தவற்றின் செய்தி இன்னும் வளமானது. சேயோனின் மயில் அம்மலையில் இல்லை. ஆனால் தீவக்குறை மலேசியாவின் மலைத்தொடருக்கே உரிய மயிற்கோழி ஒன்று உண்டு. உடலெங்கும் சிறு சிறு கண்கள் பதிந்த பழுப்புப் பறவை. தோகை விரித்து மேடையில் நிற்பதன்று. புதருக்குள் நடந்து மறைவது. ‘மயில் ஆடிற்று’ என்று எழுதும் கை, ‘மயிற்கோழி மறைந்தது’ என்று எழுதினால் மலைக்கும் உண்மை, முருகனுக்கும் குறைவில்லை.

குக்குறுவான் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் அறிந்த பறவை. கொல்லன் செம்பைத் தட்டுவதுபோல் விட்டு விட்டுக் குரல் கொடுப்பது. அதன் இனத்தது ஒன்று கேமரன் மலையில் உண்டு. அலகின் அடியில் நெருப்பு நிறத்தில் ஒரு மயிர்க்கற்றை. குரலோ தனித்தனி ஒலியாகத் தொடங்கி, விரைந்து விரைந்து, இறுதியில் சில்வண்டின் இரைச்சலாக மாறிவிடும். பறவை என்று அறியாமல் பூச்சி என்றே பலர் அதைக் கடந்து போகின்றனர். குயிலின் இனிமை அதில் இல்லைதான். எனினும் மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார் மலையின் ஓசைகளை அடுக்கிச் சொன்னபோது இனியவற்றை மட்டுமா எடுத்துக்கொண்டார்? மலையில் பிறக்கும் ஓசை அனைத்தும் அவருக்குக் கவிதைப்பொருளாயின. அவர் கேமரன் மலையில் ஒரு விடியலில் நின்றிருந்தால், தொலைவில் காட்டுக்குள் இணையாகச் சேர்ந்து கூவும் கருங்குரங்கின் ஓசையை முதலில் எழுதியிருப்பார். தொண்டைப்பையை ஊதிப் பெருக்கிக் கூவும் அவ்வாலில்லாக் குரங்கை மலாயர் ‘சியாமாங்’ என்பர். தமிழில் அதற்குப் பெயரில்லை என்று கைவிரிக்க வேண்டியதில்லை. குரங்கு, முசு, ஊகம் என மூன்றையும் மரபியல் பிரித்துப் பேசுகிறது. ஊகம் என்பதற்குக் கருங்குரங்கு என்பது பொருள். அகராதியில் உறங்கும் அச்சொல்லுக்குச் சியாமாங் உயிர் கொடுக்கும்.

வேங்கையின் செய்தி இதனினும் வியப்பானது. குறிஞ்சியின் மரம் வேங்கை. கரிய பாறைமேல் அதன் மஞ்சள் மலர் உதிர்ந்து கிடப்பது புலிக்குட்டி போலத் தோன்றுவதாகக் குறுந்தொகையில் ஒரு காட்சி உண்டு. மலேசிய நகரங்களின் சாலையோரம் நிழல்தரும் அங்சானா மரம், தாவர நூலார் வகுப்பின்படி அதே வேங்கையின் இனத்தது. வறட்சிக்குப் பின் மழை பெய்தால், மரம் முழுதும் ஒருங்கே பூத்து, ஒரே நாளில் உதிர்ந்துவிடும். மறுநாள் காலையில் கரிய தார்ச்சாலை மஞ்சள் வரியும் புள்ளியுமாய்க் கிடக்கும். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய உவமை ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் தெருவில் கிடக்க, அதை மிதித்துக்கொண்டு பள்ளிக்குச் சென்று, வேங்கை என்பது எங்கோ சேரநாட்டு மரம் என்று பாடம் நடத்துவது என்ன கொடுமை! இது தாழ்நிலத்து மரமாதலின் கேமரன் மலைக்கு உரித்தன்று; தாழ்நிலத்துப் பள்ளியாசிரியர்களுக்காக ஈண்டுக் கூறப்பட்டது.

உவமையின் மறுபாதியான புலியின் நிலை வேறு. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, மலாயாப் புலிகளில் எஞ்சியவை 150-க்கும் குறைவு என்று கண்டது. காட்டில் புலியைப் பெயர்சொல்லி அழைக்க அஞ்சும் மலாயர் ‘பாக் பெலாங்’ என்பர். ‘வரியுடைய பெரியவர்’ என்பது போன்ற மரியாதைச் சொல் அது. இரவில் பாம்பைப் ‘பூச்சி’ என்று மாற்றிச் சொல்லும் தமிழ்ப் பாட்டிக்கு இவ்வழக்கு உடனே விளங்கும். இப்போது பெயர் சொன்னாலும் வருவதற்குப் புலி இல்லை.

கல்வியறிவுடைய கவிஞர் செய்யத் தவறியதைக் கல்லாதவர் பாட்டுச் செய்திருக்கிறது என்பதை ஈண்டு ஒப்பு நோக்க வேண்டும். இலங்கை மலையகத்து மக்களின் பாடல்களைத் திரட்டியவர் சி. வி. வேலுப்பிள்ளை. மலேசியத் தோட்டத்தில் வளர்ந்து, அங்கு வழங்கிய நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தவர் முத்தம்மாள் பழனிசாமி. இப்பாடல்களில் கங்காணி வருகிறான், கப்பல் வருகிறது, பால்மரம் வருகிறது, மலாய்ச் சொல்லும் தயக்கமின்றி வருகிறது. கோணல் மலையேறிக் காப்பிப் பழம் பறிக்கும்போது ஒரு பழம் தப்பியதற்காகச் சின்னதுரையிடம் உதைபட்டதைக் கூறும் மலையகப் பாடலை ஆசிரியர் பலரும் அறிவர். இலங்கையில் காப்பியை அழித்த இலைநோய் 1869-ல் கண்டறியப்பட்டது. அதன்பின் சில பத்தாண்டுகளில் காப்பி மறைந்து தேயிலை வந்தது. ஆயினும் அப்பாட்டில் காப்பிப் பழம் இன்னும் சிவந்தே இருக்கிறது. பாடியவள் தொல்காப்பியம் படித்தவள் அல்லள். தன் கையில் இருந்த பழத்தைப் பாடினாள். திணை தானே அமைந்தது.

நாட்டுப்புறவியல் என்றால் பாட்டு மட்டுமன்று. சித்திரை வைகாசியின் பிற்பகல் இடியை எடுத்துக்கொள்வோம். இடி முழங்கினால் ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று சொல்லும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் உண்டு. அதே இடியைக் கேமரன் மலையின் காட்டோரங்களில் வாழும் செமாய் மக்கள் வேறு வகையில் விளக்குகின்றனர். விலங்குகளையும் சிற்றுயிர்களையும் எள்ளி நகையாடினால் இடியும் சூறையும் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்களோடு வாழ்ந்து ஆராய்ந்த இராபர்ட் டெண்டன் 1968-ல் வெளியிட்ட நூலில் இவ்வச்சத்தைப் பற்றி எழுதியுள்ளார். இதுபோன்ற நம்பிக்கை தீவக்குறையின் பிற பழங்குடிகளிடமும் போர்னியோவிலும் இருப்பதை 1964-ல் ராட்னி நீடாம் ஒப்பிட்டு ஆராய்ந்தார். உயிரை எள்ளாதே என்னும் அறத்தை ஒரு சமூகம் வானத்தின் மேல் எழுதிவைத்திருப்பது சிந்தனைக்குரியது.

தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பது தமிழர் பட்டறிவு. ஆனால் அத்தட்டானின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுவது தமிழ்ப் பிள்ளைகளின் பழைய விளையாட்டு. செமாய் முதியவர் ஒருவர் அவ்விளையாட்டைக் கண்டால் நடுங்கிப்போவார். அடுத்து வரும் இடிக்குக் காரணம் அந்நூலே என்பார். தட்டான் ஒன்று, மழை ஒன்று, ஒரே மலையில் இரண்டு மக்கள். ஏறத்தாழ நூறாண்டாக அருகருகே வாழ்ந்தும், இவ்விரு வழக்கும் ஒன்றையொன்று சந்திக்கும் கதையோ பாட்டோ தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றதாகத் தெரியவில்லை. மழை வருமுன் தாழப் பறக்கும் ஒரு பூச்சியில் இத்தனை இருக்க, ‘வசந்தம் வந்தது’ என்று தொடங்கும் கட்டுரையில் என்ன இருக்கிறது?

பாடநூல் பற்றிப் பேசும்போது கபிலரை மறத்தல் ஆகாது. குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளை உடையது. அதில் தொண்ணூற்றொன்பது மலர்களை அவர் பெயர் சொல்லி அடுக்கினார். ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவிப்பதற்காக அதைப் பாடினார் என்று அதன் கொளு கூறுகிறது. அதாவது, அது ஒரு பாடநூல். அயலானுக்குத் தமிழின் இயல்பை விளக்கப் புகுந்த பேராசிரியர், மலைச்சாரலில் பூத்தவற்றை ஒன்றுவிடாமல் பெயர் சொல்லும் வழியைத் தேர்ந்தார். அம்மலர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லும் வகுப்புகள் உண்டு. பட்டியலை ஒப்பித்தல் கபிலரைப் பின்பற்றுதல் அன்று. தன் மலையின் பட்டியலைத் தொடங்குதலே பின்பற்றுதல்.

தொடங்கினால் சொல் கிடைக்குமா என்னும் ஐயம் எழலாம். 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டில் ரோடோடென்ட்ரான் இனச் செடிகள் பூக்கின்றன. அவ்வினத்தைச் சேர்ந்த நீலகிரி மரத்தைத் தமிழர் ‘காட்டுப்பூவரசு’ என்பர். அப்பெயர் இங்கும் செல்லும். சில்வண்டு, குக்குறுவான், ஊகம் ஆகியன ஆயத்தமாக உள்ளன. இல்லாதவற்றுக்கு மலாய்ப் பெயரையோ செமாய்ப் பெயரையோ தமிழ் ஒலிக்கு இசைய எடுத்துக்கொள்வதில் இழுக்கில்லை. ‘தோட்டம்’ தமிழ், ‘பிரட்டு’ எங்கிருந்து வந்தது? ஆங்கிலப் படையணியின் சொல் தொழிலாளியின் வாயில் தமிழாகிவிட்டது. விடியலில் பிரட்டுக்கு அழைக்க இலங்கைத் தோட்டங்களில் தப்பு அடித்தனர். அக்குறிஞ்சிக்குப் பறை யாது என்று தேர்வில் கேட்டால் தொண்டகம் என்று எழுதுவோர்க்கு மதிப்பெண் உண்டு. தப்பு என்று எழுதும் பிள்ளைக்கு இல்லை. இவ்வநீதி பற்றித் தனியே எழுதலாம்.

பெயரில்லாத பொருள் போனால் போனது தெரிவதில்லை என்பதும் கருதத்தக்கது. கேமரன் மலையில் காடு அழிந்து, நெகிழிக் கூரைகளின் கீழ்க் காய்கறி விளையும் சரிவுகள் பெருகிவிட்டன. சரிவுகளின் மண் ஆற்றில் இறங்கி ரிங்லெட் நீர்த்தேக்கத்தைத் தூர்க்கிறது. 2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. தோட்டங்களிலும் ஆள் மாறிவிட்டது. வங்காள தேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் கொழுந்து எடுக்கின்றனர். தமிழ்ப் பிள்ளைகள் நகருக்கு இறங்குகின்றனர். மலையை நேரில் கண்டு தமிழில் பெயரிடக்கூடிய தலைமுறை இதுவே கடைசியாக இருக்கவும் கூடும். அது கண்டதை எழுதிவைக்காமல் குயிலை எழுதிவைத்தால், ஐம்பது ஆண்டு கழித்துத் தேடுவோர்க்குக் கேமரன் மலையில் குயில் இருந்ததாகவே தெரியும்.

பிரிஞ்சாங் சாலையோரத்து மண்சரிவுகளில் குடம்போல் இலை தொங்கும் செடி ஒன்று வளர்கிறது. குடத்தில் நீர் இருக்கும்; நீரில் விழுந்த பூச்சி அதற்கு இரையாகும். மலாயர் அதைப் ‘பெரியோக் கெரா’ என்பர். குரங்குப் பானை என்பது பொருள். தமிழ் அறிவியல் நூல்கள் ‘குடுவைத் தாவரம்’ என்கின்றன. ஈழத்து வழக்கில் ‘கெண்டி’ என்பர். குடுவை ஆய்வுக்கூடத்தை நினைவூட்டுகிறது. கெண்டி மூக்கும் மூடியும் கொண்டது. செடியின் வடிவுக்கு நெருங்கியது. குரங்குப் பானையில் நகைச்சுவை உண்டு. பிள்ளைகள் அதையே விரும்பக்கூடும். மூன்றில் எது நிலைக்கும் என்பதைப் பள்ளிக்குப் போகும் வழியில் அச்செடியை நாள்தோறும் காணும் மாணவர்களின் கட்டுரை ஏடுகளில் பார்த்து முடிவு செய்யலாம். அதற்கு முதலில் ‘வசந்த காலம்’ என்னும் தலைப்பைக் கரும்பலகையிலிருந்து அழிக்க வேண்டும்.